நாற்பத்திரண்டு வீட்டுக் கறி

புதன்கிழமை கண் விழித்ததும் சீதேவிக்கு முதலில் ஞாபகம் வந்தது வியாழக்கிழமைதான். நாளைக் காலை கனகசபை சேர் வருகிறார்.

அவருடைய கடிதம் கடற்கரை ஊரான சல்லிக்கு வந்து சேர்ந்ததையும், அதை வாசித்த சீதேவி அண்ணன் இரத்தினசிங்கத்திடம் மட்டும் காட்டிவிட்டு மடித்து வைத்ததையும் போன கிழமையே பார்த்துவிட்டோம். பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சீதேவி பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் பட்டத்துக்குப் படிக்கிறவள், இறுதி வருடம். கப்பல்துறையில் நூற்றிருபது வீடுகளுக்குப் போய், என்ன சமைக்கிறீர்கள், எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்து ஓர் ஆய்வு எழுதிக் கொடுத்திருந்தாள். அதைத் திருத்துகிற விரிவுரையாளர்தான் கனகசபை சேர்.

கடிதத்தில் கோபம் ஒரு சொட்டும் இல்லை. அதுதான் அவளை வாட்டியது. அவர் திட்டி எழுதியிருந்தால் இவளுக்கும் பதிலுக்கு ஒரு கோபம் வந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நாலு நாளை ஓட்டியிருக்கலாம்.

"ஆய்வு நன்றாக வந்திருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும்" என்று அவர் எழுதியிருந்தார். "முதல் எழுபத்தெட்டு வீட்டிலும் போன கிழமை என்ன கறி என்று கேட்டதற்கு, மீன், கருவாடு, சம்பல் என்றுதான் பதில் வந்திருக்கிறது. எழுபத்தொன்பதாம் வீட்டிலிருந்து ஒருவர்கூட வெறும் மீன் சாப்பிடவில்லை. பாரை, சூரை, விளைமீன், ஓரா என்று பெயர் சொல்லியே சாப்பிட்டிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து குடியேறியவர்களுக்கு இந்தக் கடலறிவு எப்படி வந்தது? வியாழக்கிழமை வருகிறேன். அந்த நாற்பத்திரண்டு வீடுகளையும் எனக்குக் காட்டவும்."

எப்படி வந்தது என்பது சீதேவியின் குசினிக்குத் தெரியும்.

மார்கழி மாதம் அது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கப்பல்துறைக்குப் போகும் வழியில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. தை பதினைந்துக்குள் ஆய்வைக் கொடுக்கவேண்டும், கையில் இருந்ததோ எழுபத்தெட்டுப் படிவம். சீதேவி மூலையில் இருந்து அழுதாள். அப்போது அண்ணன்தான், இதுக்கேன் அழுகிறாய், ஊர் விதானையாரிடம் வாங்கின பெயர்ப்பட்டியல் இருக்கிறதுதானே என்று பேனையை எடுத்தான். துறைமுகத்தில் இலிகிதர் வேலை பார்க்கிறவன், படிவம் என்றால் அவனுக்குத் தண்ணீர் பட்டபாடு.

கடல் கொந்தளிப்பில் வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டு வீட்டோடு கிடந்த அப்பா கதிரவேலும் வந்து பக்கத்தில் குந்தினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. மீன் தெரியும். அம்மா பூரணம் அடுப்படியிலிருந்து கறியைச் சொல்ல, அப்பா மீனைச் சொல்ல, அண்ணன் எழுதினான். சல்லியில் பிறந்தவர்களுக்கு வெறும் மீன் என்று ஒரு கறி கிடையாது. மீன் என்று சொன்ன வாய் மூடுமுன்னே என்ன மீன் என்ற கேள்வி வந்துவிடும். ஆகவே கப்பல்துறையில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் அந்த மழைக்குள் திங்கள் சூரையும் செவ்வாய் ஓராவும் சாப்பிட்டன. இரண்டு நாளில் வேலை முடிந்தது. சிரிப்பும் பகிடியுமாகத்தான் முடிந்தது. சீதேவியும் சிரித்தாள், அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் "நேரில் சென்று விசாரித்து எழுதினேன்" என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே நாற்பத்திரண்டு முறை அவள் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அந்த வீட்டுக்குள்ளே நடக்கும் கூத்தைப் பாருங்கள். சேர் வருகிறார் என்பது மட்டும்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும், ஏன் வருகிறார் என்று தெரியாது. மகளின் படிப்பை மெச்சி வீடு தேடி வருகிறார் என்று கதிரவேல் கரை முழுவதும் சொல்லிவிட்டார். பூரணம் காலையிலேயே அடுத்த வீட்டுக்குப் போய் நல்ல கதிரை ஒன்றை இரவல் வாங்கி வந்து, அதைக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். வந்தவர் உடைந்த கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாமா, போய் நாலு கோப்பை இரவல் வாங்கி வா என்று மகளைக் கலைத்தாள். அவர் கோப்பை பார்க்க வரவில்லை அம்மா என்று சீதேவி சொன்னதற்கு, பின்னே என்ன பார்க்க வருகிறார் என்று கேட்டாள். சீதேவி போய்க் கோப்பை வாங்கி வந்தாள்.

இரத்தினசிங்கம் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் சைக்கிள் மணியை அடித்தான். தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நிலாவெளி ரோட்டுக்கு மிதித்தான். அங்கிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு ஒரு பஸ், பட்டினத்திலிருந்து கண்டி ரோட்டில் இன்னொரு பஸ். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. கப்பல்துறைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஜமால்தீன் அவனுடைய கூட்டாளி. அந்த நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அவன்தான் சாமான் கொடுக்கிறவன், அவன் சொன்னால் தட்டமாட்டார்கள். "ஓம், இந்தப் பிள்ளை மார்கழியில வந்தவ, எழுதிக்கொண்டு போனவ" என்று நாளைக்கு ஆளுக்கொரு வார்த்தை சொன்னால் போதும்.

"அண்ணை, அது இன்னொரு பொய்," என்றாள் சீதேவி.

"முதல் பொய்யைக் காப்பாத்த வேணுமெண்டால் ரெண்டாவது வேணும்தான். சும்மா கிட. விடுதிக்குள்ள இருந்தே முழுக்க எழுதிக் குடுத்த ஆக்கள் இல்லையே? நீதானே சொன்னனி."

அவள் சொன்னதுதான். போன வருடம் ஒரு பெட்டை அறையை விட்டு அசையாமலே முந்நூறு வீடு விசாரித்து நல்ல புள்ளியும் வாங்கினாள். அந்தக் கதையை வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவள் இவள். தன் வாயாலே தனக்குப் பொறி வைத்ததை நினைக்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜமால்தீன் நல்ல மனிதன். அதுவும் சேர்ந்து அன்றைக்கு அவளை அறுத்தது. உங்கட தங்கச்சி எங்கட தங்கச்சிதானே என்று சொல்லி, கடைப் பலகையைத் துடைத்து இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். நேற்றே எல்லோருக்கும் சொல்லியாயிற்று, ஒருவரும் மறுக்கவில்லை, படிக்கிற பிள்ளைக்கு உதவாமல் யாருக்கு உதவுகிறது என்றார்களாம். ஒரு சிக்கல் மட்டும், என்று தலையைச் சொறிந்தான். அந்த நாற்பத்திரண்டு வீடும் இருந்த மதகுக்கு அப்பால் இப்போது முப்பத்தொரு வீடுதான் இருக்கிறது. மழைக்குள் சிலபேர் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"எப்ப போனவை?" என்று சீதேவி கேட்டாள்.

கார்த்திகையில், என்றான். அதாவது, இவள் வீட்டுக் குசினியில் அவர்களுக்கு விளைமீன் குழம்பு எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் பதினொரு வீட்டிலும் அடுப்பே இருக்கவில்லை.

இரத்தினசிங்கம் சளைக்கவில்லை. பதினொன்றுதானே, ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் இருக்கிறதென்று சொன்னால் கணக்குச் சரிவரும் என்று ஜமால்தீனோடு கூடி யோசிக்கத் தொடங்கினான். யார் வீட்டில் யாரை வைப்பது என்று இரண்டு பேரும் கலியாணத்துக்குப் பந்தி பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பிடிக்காமல் சீதேவி எழுந்து நடந்தாள்.

மதகைத் தாண்டி அவள் போவது அதுதான் முதல் தடவை. முதல் எழுபத்தெட்டு வீடும் ரோட்டோரம். அவை கல் வைத்த வீடுகள், கிணறு உண்டு. இந்தப் பக்கம் காட்டுத்தடியும் மண்ணும். மழை கரைத்த சுவர்களுக்குச் சாக்கு மறைப்பு. பங்குனி வெயிலில் எல்லாம் காய்ந்து கிடந்தன. பதினைந்து வீடாவது கண்ணில் பட்டிருக்கும், புகை வந்தது மூன்றில்தான்.

முதல் வீட்டு வாசலில் நின்ற பெண் இவளைக் கண்டதும் ஓடிவந்தாள். பெயர் அங்கம்மா என்றாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. சீதேவி அந்தப் பெயரை அறிவாள். தொண்ணூற்று மூன்றாம் படிவம், குடும்பத்தில் ஐந்து பேர்.

"கடைக்காரய்யா சொன்னாருங்க டீச்சரம்மா. நீங்க வந்து எழுதுனதா சொல்லணும்னு. சொல்லிர்றோம், கவலப்படாதீங்க," என்றாள் அங்கம்மா. பிறகு ஆசையாகக் கேட்டாள். "நெசமாவே எங்க பேரும் எழுதியிருக்கீங்களா? அந்தப் பக்கம் மட்டும் எழுதிக்கிட்டு எங்கள விட்டுட்டாங்கன்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தோம்."

எழுதியிருக்கிறது என்று சீதேவி சொன்னாள். அது பொய்யில்லை.

அங்கம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய்ச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து விரித்து இருக்கச் சொன்னாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்ப ஒண்ணு செய்ங்கம்மா. அந்த ஐயா வந்து, மழையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா நாங்க ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு எழுதியிருந்தா தப்பாப் போயிரும். என்ன சாப்பிட்டோம்னு எழுதியிருக்கு? சொல்லிக் குடுங்க, பாடம் பண்ணிக்கிறேன்."

சீதேவியின் பையில் படிவங்களின் பிரதிகள் இருந்தன. எடுக்காமல் இருந்திருக்கலாம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தொண்ணூற்று மூன்றை எடுத்து விரித்துவிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை, பாரைமீன் குழம்பு," என்று வாசித்தாள்.

"ஞாயித்துக்கெழம பார," என்று அங்கம்மா கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். "பாரைன்னா எப்படி இருக்கும்ங்க? பெருசா, சின்னதா? ஐயா கேட்டுட்டா தெரியணுமே."

சீதேவிக்கு அதற்கு மேல் எழுத்துத் தெரியவில்லை. கண்ணீர் வந்துவிட்டது. அவமானத்தில் வந்த கண்ணீர் என்று நினைத்தாள். அதில் பாதி ஆத்திரம். அண்ணன்மேல், ஜமால்தீன்மேல், அந்த மழைமேல், எல்லாவற்றையும்விட, பேனையை வாங்கி நாற்பத்திரண்டு முறை கையெழுத்துப் போட்ட தன்மேல்.

உண்மையில் அந்த நாட்களில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாள்.

அங்கம்மா கொஞ்சம் தயங்கினாள். சொன்னால் டீச்சரம்மாவுக்குத் தொல்லை வருமோ என்று பார்த்தாள். மரவள்ளி இருந்தவரைக்கும் அவித்தார்களாம். பிறகு கோதுமை மா ரொட்டி. பிறகு மூன்று நாள் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு வெறும் தேயிலைத் தண்ணீர். கருவாடா, அது கடையில் கண்டதுதான். எதையும் முறைப்பாடாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

இந்த ஊர் போதிய மீன் சாப்பிடுகிறது, புரதத்துக்குக் குறைவில்லை என்று சீதேவி முடிவுரையில் எழுதியிருந்தாள். நாற்பத்திரண்டு வீட்டுக் கறியைக் கூட்டிப் பிரித்து வந்த முடிவு அது.

அவள் எழுந்து, ஒன்றும் பாடம் பண்ணவேண்டாம், கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள் என்றாள். அங்கம்மாவுக்கு அது விளங்கவில்லை. உதவி செய்ய வந்த தன்னிடம் ஏதோ பிழை கண்டுவிட்டார்கள் என்று நினைத்து முகம் வாடிப்போனாள். அதையும் சீதேவியால் சரிப்படுத்த முடியவில்லை.

சந்திக்குத் திரும்பி வந்து, சேருக்கு இன்றைக்கே தந்தி அடிக்கப்போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டபிறகு அவனுக்கும் கோபம் வந்தது. பஸ் வரும்வரைக்கும் ரோட்டோரம் நின்று இரண்டு பேரும் வாக்குவாதப்பட்டார்கள். பட்டம் போனால் நாலு வருடமும் போச்சு, அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், அவர் தலை நிமிர்ந்து கரைக்குப் போக ஏலுமா என்றான். பட்டத்தை எடுத்துவிட்டு வந்து இந்தச் சனத்துக்கு எவ்வளவோ செய்யலாமே என்றும் சொன்னான். அந்த வாதம் நல்ல வாதம். அதனால்தான் அவளுக்குப் பயம் வந்தது.

"நாளைக்கு அவர் வந்தாப்பிறகு நேரில சொல்லன். தந்தி ஏன்?"

"நாளைக்கு எண்டால் நான் சொல்லமாட்டன் அண்ணை. எனக்கு என்னைத் தெரியும். அவர் கேக்க முன்னம் இந்தச் சனம் எனக்காகப் பொய் சொல்லிப்போடும். பிறகு நான் அவையளைக் காட்டிக்குடுக்கிற மாதிரி வரும்."

இரத்தினசிங்கம் பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தான். பிறகு, அடிக்கிறதென்றால் அண்ணன் எழுதினது என்று போடு என்றான். அவன் நல்ல அண்ணன், அதை மனதாரத்தான் சொன்னான்.

"எழுதினது நீங்கள். கையெழுத்து வச்சது நான்," என்றாள் சீதேவி.

மூன்று மணி பஸ் வரவில்லை. நாலு மணி பஸ்ஸும் சீனக்குடாவில் நின்று நின்று ஆளேற்றியது. பட்டினத்தில் இறங்கி அவள் ஓடிய ஓட்டத்தில் செருப்பு வார் அறுந்தது. தந்திக் கந்தோருக்குள் நுழைந்து, படிவம் ஒன்றை இழுத்தெடுத்து, நின்றபடியே எழுதினாள். "எழுபத்தொன்பது முதல் நூற்றிருபது வரை நான் போகாத வீடுகள். பொய்யாக எழுதிக் கையெழுத்திட்டேன். மன்னிக்கவும். சீதேவி." எழுதி நீட்டும்போது உள்ளேயிருந்தவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்துவிட்டது பிள்ளை, காலையில் எட்டு மணிக்கு வாருங்கோ என்றார். கெஞ்சிப் பார்த்தாள். அவர் மணிக்கூட்டைக் காட்டினார், யன்னலைச் சாத்தினார்.

காலை எட்டு மணிக்கு சேர் பாதி வழியில் பஸ்ஸில் இருப்பார். ஒன்றைச் செய்யாமல் இருக்க ஆயிரம் வழி, செய்ய நினைத்தால் ஒரு கதவும் திறக்காது என்று அவள் நினைத்தாள். அந்தப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். நிலாவெளி ரோட்டிலிருந்து அண்ணன் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே கூட நடந்தான்.

வீட்டு வாசலில் அந்நியமான சப்பாத்து ஒரு சோடி கிடந்தது.

முற்றத்தில் இரவல் கதிரையில் கனகசபை சேர் இருந்தார். கையில் இரவல் கோப்பை. கூட வேலை செய்யும் ஒருவர் காரில் திருகோணமலைக்கு வந்தாராம், அதில் ஒரு நாள் முந்தியே ஏறி வந்துவிட்டாராம். பூரணம் முகமெல்லாம் பல்லாக நின்றாள். எதிரே மணலில் சம்மணம் கொட்டியிருந்த கதிரவேல், மகள் வருவதைக் கண்டும் கதையை நிறுத்தவில்லை.

"அந்த மழைக்குள்ள இந்தப் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமில்லை சேர். நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் இருந்து எழுதி முடிச்சனாங்கள். எனக்கு எழுத வராது. மீன் பேர் முழுக்க நான் சொல்லிக் குடுத்தது," என்றார் கதிரவேல் பெருமையாக.

கனகசபை கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இப்போதும் கோபமில்லை. களைப்பு இருந்தது.

சீதேவி பையை இறக்கிவைக்காமலே சொன்னாள். ஓம் சேர், அந்த நாற்பத்திரண்டு வீட்டுக்கும் நான் போகவில்லை, இன்றைக்குத்தான் போனேன், உங்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று பகலே தீர்மானித்துவிட்டேன் என்றாள். கதிரவேல் மகளையும் சேரையும் மாறிமாறிப் பார்த்தார். தான் சொன்னதில் என்ன பிழை என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் நாளைக்கு வாறதெண்டுதான் எழுதினனான்," என்றார் கனகசபை மெதுவாக. "உம்முடைய அப்பா இப்ப சொன்னதைக் கேட்ட பிறகுதான் இதைச் சொல்லுறீர். அவர் சொல்லாமல் விட்டிருந்தால்?"

அவள் பைக்குள் கையை விட்டுத் தந்திப் படிவத்தை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி வாசித்தார். பிறகு மற்றப் பக்கம் திருப்பிப் பார்த்தார், திரும்பவும் முன்பக்கம் பார்த்தார்.

"இது அனுப்பினதாக ஒரு முத்திரையும் இல்லையே பிள்ளை," என்றார்.

இல்லை. அதிலும் அவளுடைய கையெழுத்து மட்டும்தான் இருந்தது.